கருப்புசாமி, படுக்கை 14, எக்ஸ்பயர்ட்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை நான் எழுதிய ஒரு குறுஞ்செய்தியிலிருந்து பிறந்தது. என் எழுத்தைப் படித்துவிட்டு ஒருவர் எழுந்து ஓடியது அந்த ஒரு முறைதான். என் இரண்டு சிறுகதைத் தொகுப்புகள் இதுவரை யாரையும் நாற்காலியைவிட்டு அசைத்ததில்லை.

மைசூரில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். செயலிகள் மனிதர்களோடு பேசும் வாசகங்களை எழுதுவது என் வேலை. 'ஏதோ தவறு நேர்ந்துவிட்டது' என்று உங்கள் கைபேசி சொன்னால், அந்த 'ஏதோ' என்னைப் போன்ற ஒருத்தியின் கைவண்ணம்.

ஒரு மருத்துவமனைக்குச் செயலி செய்தோம். நோயாளியைப் பார்க்க வருபவரின் கைபேசிக்கு அனுமதிச்சீட்டு போகும். அதை வாசலில் காட்டினால் கதவு திறக்கும். நேரம் முடிந்ததும் ஒரு செய்தி வரும். 'படுக்கை 14இல் இருக்கும் கருப்புசாமியைப் பார்க்க உங்களுக்குத் தரப்பட்ட நேரம் முடிந்தது' என்கிற மாதிரி எழுதியிருந்தேன். மேலாளர் சுரேந்தர் உதட்டைப் பிதுக்கினார்.

"நீளம் ஜாஸ்தி மேடம். ஜனங்க படிக்கமாட்டாங்க. பேரு, பெட் நம்பர், ஸ்டேட்டஸ். சாக்கு."

(கன்னடத்தில் 'சாக்கு' என்றால் 'போதும்'. தமிழில் என்னவென்று உங்களுக்கே தெரியும்.)

குறைத்தேன். கருப்புசாமி. படுக்கை 14. எக்ஸ்பயர்ட். ஆங்கிலத்தில்தான் போகும். தமிழைத் தேர்ந்தெடுத்தால் 'விரைவில்' என்று வரும். இரண்டு வருடமாக வருகிறது. அந்த 'விரைவில்' கூட நான் எழுதியதுதான். அந்தக் காலாண்டில் எளிமைக்கான விருதை எனக்குக் கொடுத்தார்கள்.

2

கதையை எப்படித் தொடங்குவது?

'சாமுண்டி மலைமேல் மேகம் கவிந்த அந்த மாலையில்' (வேண்டாம். மேகத்துக்கு இதில் வேலையில்லை.)

'காலையிலிருந்தே சித்தம்மாவின் மனம் ஏனோ' (பொய். அன்று காலை அவள் மனம் முழுக்க வார்டு குழாயில் தண்ணீர் வருமா என்பதில் இருந்தது.)

நேராகவே சொல்கிறேன். சித்தம்மாவுக்கு நாற்பத்திரண்டு வயது. தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர்ப் பக்கத்துக்காரி. கணவனும் மனைவியும் மைசூரில் கட்டட வேலை. ஏழு மாதத்துக்கு முன் கருப்புசாமி சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். இது மூன்றாவது அறுவை சிகிச்சை. அவரைப் புரட்டிப் படுக்க வைப்பது, துடைப்பது, ஊட்டுவது எல்லாம் அந்த ஏழு மாதமும் அவள்தான்.

அன்றுதான் அவளுக்கு முதல்முறையாகக் கைபேசியில் சீட்டு கொடுத்திருந்தார்கள். மாலை ஐந்து மணிக்கு இளநீர் வாங்கக் கீழே வந்தாள். கல்லூரியிலிருந்து வந்த மகள் வினிதாவும் கூட இருந்தாள். கைபேசி ஒலித்தது. சித்தம்மாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது. வினிதாவிடம் நீட்டினாள்.

"அம்மா... அப்பா பேரு போட்டு... எக்ஸ்பயர்ட்னு வந்திருக்கு."

"அப்படின்னா என்ன கண்ணு?"

வினிதா வாயைப் பொத்திக்கொண்டாள். அதுவே மொழிபெயர்ப்பாகிவிட்டது.

(அந்த வாசகத்துக்கு ஒப்புதல் கொடுத்தவர்கள் ஆறு பேர். கடவுச்சொல் காலாவதியாகும், தள்ளுபடிக் கூப்பன் காலாவதியாகும் என்பது எங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. இத்தனைக்கும் என் பெரியப்பா செத்தபோது லீவு கேட்டு நான் அனுப்பிய மின்னஞ்சலில் அதே சொல்தான் இருந்தது.)

3

ஓடினாள். இளநீர் கீழே விழுந்து உருண்டது என்று எழுத ஆசை. உருளவில்லை. கடைக்காரர் இன்னும் சீவிக்கொண்டிருந்தார்.

வாசலில் கைபேசியைக் காட்டினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி காட்டினாள். மறுபடி சிவப்பு. அனுமதி முடிந்ததால்தானே செய்தி வந்தது? அனுமதி முடிந்தால் கதவு திறக்காது. இதை முழுமையான பயனர் அனுபவம் என்போம்.

காவலாளி தொட்டையன் எட்டிப் பார்த்தார். "பாஸ் முகிதோய்த்தம்மா. ஹொசது தெகீபேகு."

சீட்டு முடிந்துவிட்டதாம், புதுச் சீட்டு எடுக்க வேண்டுமாம்.

"ஏனுங்க, எம்பட ஊட்டுக்காரரு செத்துட்டாருங்கிறாங்க! கதவத் தொறங்க!"

வினிதா செயலியைத் திறந்தாள். புதுச் சீட்டுக்கு முன்னால் ஒரு கேள்வி: 'இன்றைய வருகை எப்படி இருந்தது?' பதில் சொல்லாமல் தாண்ட முடியாது. அழுதுகொண்டே கடைசி நட்சத்திரத்தைத் தொட்டாள். அந்த மாத அறிக்கையில் அது ஐந்துக்கு ஐந்தாகப் பதிவானது. புதுச் சீட்டு மட்டும் வரவில்லை.

தொட்டையனிடம் கதவைத் திறக்கச் சாவி கிடையாது. பாதுகாப்பு கருதி நாங்கள்தான் கொடுக்கவில்லை. அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குனிந்து கதவின் மின்பூட்டுக்குப் போகும் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினார். கதவு திறந்துகொண்டது. எட்டு மாதம் நாங்கள் கூடிக் கூடி வடிவமைத்ததில் ஒரு மனிதருக்குப் பயன்பட்டது அந்த பிளக் ஒன்றுதான். அதையும் எங்களுக்கு முன்பே யாரோ எலக்ட்ரீஷியன் வைத்திருந்தார்.

4

கருப்புசாமி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"ஏம் புள்ள, எளநி வாங்கியாறலயா?"

இந்த இடத்தை மூன்று முறை எழுதினேன். முதல் தடவை அவர் மார்பில் விழுந்து கதறினாள். (அடித்துவிட்டேன்.) அடுத்ததில் அவரைப் படபடவென்று அடித்தாள். (படித்த நண்பர்களுக்குப் பிடித்திருந்தது. அதனாலேயே அடித்துவிட்டேன்.) உண்மையில் அவள் செய்தது, சரிந்திருந்த தலையணையை நிமிர்த்தி வைத்தது மட்டும். வினிதாதான் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். "என்னத்துக்குடா அழுகற?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

5

மறுநாள் நிறுவனம் ஒரு பழக்கூடையோடு என்னை அனுப்பியது. சித்தம்மா வராந்தாவில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். அந்தச் செய்தியை எழுதியது நான்தான் என்றேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"நீங்களுங்களா?" என்றாள். "அந்தப் புள்ள வாயப் பொத்துனா பாருங்க, அப்ப எனக்கு அழுக வல்லீங்க."

"அதிர்ச்சியில அப்படித்தாங்க இருக்கும்."

"அதிர்ச்சியில்லீங்க." பிழிந்த துணியையே மறுபடி பிழிந்தாள். "அப்பாடான்னு இருந்துச்சுங்க. ஒரு நொடிதான். அப்பறந்தான் ஓடுனன்."

பழக்கூடையை இன்னொரு கைக்கு மாற்றினேன். வாசகம் எழுதிச் சம்பளம் வாங்குகிறவள் நான்.

"நல்ல மனுசனுங்க அவரு. ஒரு நாள் கைநீட்டுனதில்ல. என்னமோ, ஒடம்பு அசந்து போச்சுங்க எனக்கு. இத யாருகிட்டயும் சொல்லீறாதீங்க."

செய்தியைத் திருத்திவிட்டோம். இப்போது முழு வாக்கியமாகப் போகிறது. கருப்புசாமி அடுத்த மாதம் கைத்தடியோடு நடந்தார். பெயர்களை மாற்றியிருக்கிறேன். அது போதாது என்றும் தெரியும். இந்த ஐந்தாம் பகுதியை இரண்டு முறை நீக்கிப் பார்த்தேன். நீக்கினால் மிஞ்சுவது ஒரு சொல்லைப் பற்றிய நகைச்சுவைத் துணுக்கு. அலுவலகத்தில் சுரேந்தர் அதைத்தான் எல்லோருக்கும் சொல்லிச் சிரிக்கிறார்.

வேண்டுமானால் நான்காம் பகுதியோடு கதையை முடித்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு தலையணை நிமிர்கிறது, மகள் அழுகிறாள், குறையொன்றுமில்லை. இதுவரை படித்துவிட்டீர்கள் என்றால், நீங்களும் யாரிடமும் சொல்லாதீர்கள்.

நானும் அவளிடம் "சரிங்க" என்றுதான் சொல்லியிருந்தேன்.