மண்டபத்தில் தங்கிவிட்டவர்

இறந்த கணவரின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த சாந்துசா, அவர் தலையிலிருந்து கம்பளிக் குல்லாவை உருவி மகளிடம் நீட்டினாள்.

"இத எடுத்துட்டு மண்டபத்துக்குப் போ. அப்பாவக் கூட்டிட்டு வா."

பாஸிலியா வாங்கவில்லை. கையில் ஈரத்துணி இருந்தது, அதுவே சாக்காயிற்று.

"அவர் இங்கதானேம்மா இருக்காரு."

"இங்க கெடக்கறது உடம்பு. அவரோட உசுரு, அந்த அஹாயு, அவர் விழுந்த எடத்துலயே நிக்குது. நாலு மாசமாப் பாத்தியே, இந்த மனுஷன் ஒரு வாய் கஞ்சி ருசிச்சுக் குடிச்சாரா? என் பேரச் சொன்னாரா? பாதி ஆளத்தான் வச்சுப் பாத்துக்கிட்டேன். பொதைக்கறப்பவாவது முழுசாப் போகட்டும். நாளைக்குக் காலையில குழி. அதுக்குள்ள வந்தாகணும்."

"நீயே போய்க் கூப்பிடேன்."

"நான் கூப்பிட்டு எப்ப வந்திருக்காரு? நீ கூட நின்னு வேல பாத்தவ. உன் குரல் கேட்டாத் திரும்புவாரு."

பாஸிலியா ஈரத்துணியைக் கீழே வைத்தாள். திரும்பினார்தான். அதனால்தான் விழுந்தார். சாரத்தின் உச்சியில் நின்று விதானத்தில் சுதைப் பூ வைத்துக்கொண்டிருந்தவரை, "அப்பா, சாப்பிட வாங்க" என்று கீழேயிருந்து கூப்பிட்டவள் அவள்தான். அவர் திரும்பினார். கால் பலகையைத் தேடியது, பலகை அந்தப் பக்கம் இல்லை. இதை இதுவரை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம் எந்த வாயால் சொல்வது?

குல்லாவை வாங்கிக்கொண்டு கிளம்பினாள்.

மலைமேட்டு ஊரான எல் ஆல்ட்டோவில் வியாபாரத்தில் நாலு காசு பார்த்தவர்கள் எல்லாரும் இப்போது இப்படித்தான் கட்டுகிறார்கள். கீழே கடைகள், நடுவில் ஆட்டமும் பாட்டுமாக ஒரு மண்டபம், ஆறாவது மாடிக்கு மேலே தங்களுக்கென்று ஒரு வீடு. போர்வையில் நெய்கிற படிக்கட்டுக் கோலமெல்லாம் சுதையாகச் சுவரேறி, பச்சையும் ஆரஞ்சுமாக விளக்குப் போட்டுக்கொண்டு நிற்கும். கண்ணைக் கூசுகிறது என்று கீழே லா பாஸில் இருக்கிற பெரிய மனிதர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே! அவள் அப்பா செவெரோ தித்திரிக்கோவின் கைக்காக இங்கே ஒன்றரை வருஷம் காத்துக் கிடந்தார்கள்.

மண்டபத்தின் சொந்தக்காரி தோன்யா ப்ரிமித்திவா துணி மொத்த வியாபாரி. மாலைக் கல்யாணத்துக்கு ஒலிபெருக்கி ஏற்றுகிறவர்களைப் படியில் நின்று விரட்டிக்கொண்டிருந்தாள். குல்லாவைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது.

"போயிட்டாரா?"

"காலையில."

தோன்யா தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொண்டாள். ஆனால் வழியை விடவில்லை.

"கூப்பிட வந்திருக்க. வேணாம், பாஸிலியா. நாலு மாசமா இங்க ஒரு அடிதடி இல்ல, ஒரு விரிசல் இல்ல. இவ்ளோ பெரிய கட்டடம் ஒரு ஆளக் காவு கேக்கும்னு உனக்குத் தெரியாதா? கேட்டுச்சு, எடுத்துக்கிச்சு. அவரக் கூட்டிட்டுப் போயிட்டா அடுத்து யாரக் கேக்கும்? மேல என் பேத்தி தவழுதுடி."

"அதுக்கு எங்கப்பாதான் கெடச்சாரா?"

கெட்டவள் இல்லை தோன்யா. உண்மையாகவே பயந்துபோயிருந்தாள். தொப்பியை மறுபடி தலையில் வைத்துக்கொண்டாள். பிறகு அவள் ஒதுங்கினாள்.

"சரி, கூப்பிடு. தாராளமாக் கூப்பிடு. ஆனா ஒண்ணு சொல்லு. இதையெல்லாம் விட்டுட்டு வந்து அவர் எதப் பாக்கணும்? உங்க வீட்டுச் செங்கல்லயா?"

மண்டபத்தில் நாற்காலிகளுக்கு வெள்ளை உறை மாட்டிக்கொண்டிருந்தார்கள். பாஸிலியா நடுவில் நின்று குல்லாவை உயர்த்தினாள். பேரைச் சொல்லி மூன்று முறை அழைக்க வேண்டும். மேலே பார்க்கவே பயமாக இருந்தது, பார்த்தால் அவர் திரும்புவார். கடைசியில் வாய் தானாகச் சொன்னது அந்தப் பழைய வார்த்தைகளைத்தான்.

"அப்பா, சாப்பிட வாங்க."

கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மூலையில் ஒருவன் மைக்கில் "ஹலோ, ஹலோ" என்றான். தலைக்கு மேலே யாரோ வேலையை நிறுத்திவிட்டது போல அவளுக்குப் பட்டது. எதுவும் விழவில்லை. எதுவும் வரவுமில்லை.

வீட்டில் சவப்பெட்டியைச் சுவரோரமாக வைத்திருந்தார்கள். கதவுக்குப் பக்கத்துப் பெஞ்சில் கிரிசான்தோ மாமாவும் உறவுக்காரர்களும் கோக்கா இலை மென்றபடி இருந்தார்கள். குல்லாவைத் தொட்டுப் பார்த்த அம்மா, "வரல" என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பாஸிலியா சுவரைப் பார்த்தாள். பூசாத வெறும் செங்கல், நடுவில் பிதுங்கிய சிமெண்டு. முப்பது வருஷமாக ஊர் முழுக்கச் சுதை வைத்த மனிதர் தன் வீட்டில் ஒரு கை பூசவில்லை. கேட்டால், அடுத்த வருஷம் என்பார். தோன்யா சொன்னதில் என்ன தப்பு? இந்தச் சுவருக்கு யார் வருவார்கள்? வெட்கமும் கோபமுமாக அழுகை முட்டியது.

அப்புறம்தான் அவளுக்கு அது உறைத்தது. கூப்பிட்டு அவர் எப்போது இறங்கி வந்தார்? அந்த ஒரு நாளைத் தவிர, ஒருபோதும் இல்லை. பக்கத்துச் சாரத்தில் யாராவது பூவைக் கோணலாக வைத்தால் மட்டும் எங்கிருந்தாலும் ஓடி வருவார். "தள்ளு, தள்ளு, எருமை!" என்று தோளால் இடித்துக்கொண்டு பூச்சுக் கரணையைப் பிடுங்குவார்.

கொல்லையிலிருந்த ஜிப்சம் மூட்டையை அவிழ்த்தாள். இரும்புப் பாண்டில் தண்ணீர் விட்டுக் குழைத்துக்கொண்டு வந்து, பெட்டிக்கு மேலே செங்கல்லில் அள்ளி அப்பினாள்.

"ஏய், என்னடி பண்ற? பொணம் கெடக்குற வீட்டுல!" என்று மாமா கத்தினார்.

"விடு தம்பி" என்றாள் அம்மா.

ஜிப்சம் சட்டென்று இறுகிவிடும், யாருக்காகவும் காத்திருக்காது. பாஸிலியா அவசர அவசரமாகப் பூவுக்கு வடிவம் பிடித்தாள். முதல் இதழ் கோணிக்கொண்டு போயிற்று. இரண்டாவது அதைவிட மோசம். வேறு நாளாக இருந்தால் சுரண்டி எறிந்திருப்பாள்.

"பாருங்கப்பா, எவ்ளோ கேவலமா வருதுன்னு" என்றாள் அழுதுகொண்டே. மூன்றாவது இதழுக்குக் கரணையை வைத்தாள்.

பின்னால் பேச்சு நின்றுவிட்டது. அவள் திரும்பவில்லை.

"கொஞ்சம் தள்ளி உக்காரு, கிரிசான்தோ" என்றாள் அம்மா, கதவைப் பார்த்தபடி. "வழிய விடு."

மாமா இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு நீட்டியிருந்த கால்களை மடக்கிக்கொண்டு, பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்தார்.