பதில் குரல்

பரோட்டாக் கல்லில் எண்ணெய் புகைந்தது. செங்கம் ரோட்டு ஓட்டலில் மதியக் கூட்டம். "ஒரு கொத்து!" என்று மேசைகளுக்கு நடுவிலிருந்து சர்வர் வல்லரசு குரல் கொடுத்தான். கல்லில் நிற்பவர் "ஆச்சு!" என்று பதில் சொன்னால்தான் ஆர்டர் போய்ச் சேர்ந்ததாக அங்கே வழக்கம். மாஸ்டர் சைஃபுல்லாவிடமிருந்து பதில் வரவில்லை. வல்லரசு மறுபடி கத்தினான்.

"ஆச்சு" என்றார் சைஃபுல்லா. கொஞ்சம் கழித்து, "ஆச்சு."

இரண்டு கொத்து பரோட்டா வந்தது. ஒன்றுக்கு ஆளில்லை.

"இன்னா பாய், கிரிவலம் போயிட்டு வந்து பதில் சொல்றியா?" என்றான் வல்லரசு. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள்.

முதலாளி வேணு பின்கட்டுக்குப் போனார். சைஃபுல்லாவின் மனைவி பிர்தௌஸ் அங்கே வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள்.

"உன் வூட்டுக்காரர் கையில குறை இல்லம்மா. ஆனா பௌர்ணமிக் கூட்டத்துல இப்படி நின்னா நான் இன்னா பண்றது? அதுக்குள்ள சரியாவலைன்னா வேற மாஸ்டரைப் பாத்துக்கறேன்."

"காதுல யாரோ பேசறாங்கன்னு சொல்லிக்கினு இருந்தாரில்லண்ணா, மாத்திரைலதான் அது அடங்குச்சு. இந்த மந்தம், மாத்திரையை நிறுத்தினாலும் போவாதாம், அதுவும் அந்த நோவுதான்னு டாக்டர் சொன்னாரு. ஆர்டரைச் சீட்டுல எழுதி கல்லுக்குப் பக்கத்துல குத்தி வச்சா, பாத்துப் போட்டுடுவாருண்ணா."

"இது ஓட்டலா, பள்ளிக்கூடமா? மாத்திரைதான் ஆளை அமுக்குது."

அன்று சாப்பாட்டுக்குப் பிறகு அவள் நீட்டிய மாத்திரையைச் சைஃபுல்லா வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிர்தௌஸ் பார்த்தாள். தண்ணீர்ச் சொம்பை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். மறுநாளும் அப்படியே. அதற்கப்புறமும்.

பௌர்ணமியன்று வாசல்வரை கூட்டம் நின்றது. வல்லரசு வாயைத் திறப்பதற்குள் "ஆச்சு! ஆச்சு!" என்று கல்லிலிருந்து குரல் வந்தது. கூடுதலாக வந்த தட்டுகளையும் வாங்கிக்கொள்ள ஆள் இருந்தது. "நான்தான் சொன்னேனே. இனிமே இவருதான் மாஸ்டர்" என்றார் வேணு.

மறுநாள் மதியம் ஊர் காலியாகிவிட்டது. வல்லரசு மேசை துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஆச்சு!" என்றார் சைஃபுல்லா.

பிர்தௌஸ் கத்தியோடு எட்டிப் பார்த்தாள்.

"நான் ஒண்ணும் சொல்லலக்கா" என்றான் வல்லரசு.

"ஆச்சு! ஆச்சு!" சைஃபுல்லா மாவை வீசிக் கல்லில் போட்டார், திருப்பினார், தட்டில் அடுக்கினார். அடுத்த மாவை எடுத்தார். ஆளில்லாத மேசைகளுக்கு எதிரே பரோட்டா அடுக்கு அவர் முகம் தெரியாத உயரத்துக்கு வந்திருந்தது.