கீழே பார்த்து நட

1
இந்தக் கதை என் ஆசையில் பிறந்ததல்ல. கட்டடக் கம்பெனி மேனேஜர் கேட்டார். "சைட்டுல வேலை செய்யறவங்களுக்குப் பாதுகாப்பு பத்தி ஒரு குட்டிக்கதை வேணும்மா. நீ படிச்ச பொண்ணு. உங்கம்மா விழுந்ததையே எழுது. கவனமில்லாம நடந்தா என்ன ஆகும்னு எல்லாருக்கும் உறைக்கணும்."

தலைப்பும் அவர் கொடுத்ததுதான்.

2
கவனக்குறைவான ஒரு சித்தாள் இருந்தாள். அவள்—

(அடித்துவிட்டேன். அந்தச் சித்தாள் கல் சுமந்த காசில்தான் நான் காலேஜுக்குப் போனேன்.)

வேறு தொடக்கம்: மூன்றாவது மாடித் தளத்தில், குழாய் இறக்குவதற்கென்று விட்ட ஓட்டை. அதை மூடியிருந்த பலகையைச் சாரம் கட்ட மேஸ்திரி உருவிக்கொண்டார். கீழே இருந்தவர்கள் தலையில் தூசி கொட்டுகிறது என்று கத்தினார்கள். மேஸ்திரி காலி சிமெண்ட் சாக்கை ஓட்டைமேல் விரித்து, ஓரத்தில் மணலைத் தள்ளிவிட்டார். தூசி நின்றது. பார்த்தால் தரை மாதிரியே இருந்தது.

(இது நிற்கட்டும்.)

3
அம்மா கதாபாத்திரமாக ஒத்துழைக்க மறுக்கிறாள். இடுப்பெலும்பு உடைந்து கட்டிலில் கிடந்துகொண்டு மேனேஜர் கட்சி பேசுகிறாள்.

"அவர் சொல்றதும் சரிதானேடி. பாக்காம கால வெச்சது நான்தானே?"

"தலையில என்ன இருந்துச்சு?"

"கலவைச் சட்டி."

"சட்டியோட எப்படிம்மா கீழ குனிஞ்சு பாப்ப?"

"குனிஞ்சா கலவை மூஞ்சியில கொட்டும். அப்புறம் மேஸ்திரி வாயிலேருந்து தனியா கொட்டும்."

சிரித்தாள். சிரிப்பு இடுப்பில் போய்க் குத்த, பல்லைக் கடித்தாள். "இருந்தாலும் தப்பு என்..."

(அவள் முடித்தாள். நான் எழுத மாட்டேன்.)

4
மேனேஜருக்கான முடிவு: விழுந்தவள் திருந்தி, ஊன்றுகோலோடு வந்து மற்றவர்களுக்குப் புத்தி சொல்கிறாள். கைதட்டல்.

எனக்குப் பிடித்த முடிவு: மகள் அந்தச் சாக்கைக் கொண்டுபோய் மேனேஜர் மேசைமேல் வீசுகிறாள்.

நடக்காது. சாக்கு இப்போது அங்கே இல்லை. அம்மாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போன கையோடு, ஒரு டீ குடிக்கிற நேரத்தில், புதுப் பலகை போட்டு ஆணியும் அடித்துவிட்டார்கள். (அவ்வளவுதான் வேலை. அவ்வளவேதான்.)

5
அதனால் முடிவு கிடையாது. கதைக்குள் அம்மா இன்னும் விழவில்லை. தலையில் சட்டி, கழுத்து விறைப்பாக, கண் நேராக. சாக்குக்கு முன்னால் ஒரு காலைத் தூக்கியிருக்கிறாள். நான் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். அடுத்த வரியை எழுத ஆசைப்படுகிறவர், மேனேஜரானாலும் சரி, நீங்களானாலும் சரி, முதலில் அந்தச் சாக்கின் மேல் ஏறி நின்று காட்டட்டும்.