மந்தைவெளிக்கு மாற்றுப் பெயர் இல்லை

கனகராஜுக்குத் தாடை வலித்தது. இட்லியைக்கூட மெல்ல முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க மொட்டைமாடியில் நின்று மகளின் பேரைச் சொல்லிப் பார்த்ததால் வந்த வலி. மதுமிதா. ஒரு தடவைகூட முழுசாக வரவில்லை.

அவனுக்குத் திக்குவாய். மற்ற எழுத்தெல்லாம் தடுக்கித் தடுக்கியாவது வெளியே வரும். 'ம' என்றால் உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும். மயிலாப்பூருக்கும் திருவான்மியூருக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவனுக்கு இது சின்னத் தொல்லை இல்லை. மயிலாப்பூரைக் கோயில் குளத்தை வைத்து 'டேங்க்' என்றோ 'லஸ்' என்றோ கூவிச் சமாளிப்பான். வழியில் வரும் மந்தைவெளிக்கு மாற்றுப் பெயர் இல்லை. கையை நீட்டிக் காட்டுவான். ஜனம் பின்னால் நிற்கும் மெஹபூப் பாஷாவின் வண்டியில் போய் ஏறிக்கொள்ளும்.

மகளுக்குப் பேர் வைத்தபோதே தடுத்திருக்கலாம். 'ம'வில் வேண்டாம் என்று சொல்வதற்கும் 'ம' வந்தாக வேண்டுமே. பேசாமல் இருந்துவிட்டான். இத்தனை வருஷம் 'பாப்பா' என்றே ஓட்டினான்.

இனி ஓடாது. அவன் மனைவி ஜெயஸ்ரீக்குத் தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் வேலை கிடைத்துவிட்டது. அடுத்த மாதத்திலிருந்து பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து அவன்தான் கூட்டிவர வேண்டும். பேரைச் சொன்னால்தான் வாசலில் நிற்கும் ஆயா பிள்ளையை வெளியே விடுவாள்.

"சீட்டுல எழுதித் தரேன் மாமா. காட்டிட்டுக் கூட்டினு வா" என்றாள் ஜெயஸ்ரீ.

"வே... வேணாம்."

"வீராப்பப் பாரு. எங்கப்பாவுக்கு என் பேரே தெரியாதுன்னு உன் பொண்ணு மிஸ்ஸாண்ட சொல்லிக்கீறா."

அதைக் கேட்ட பிறகுதான் மாடி ஏறினான்.

திங்கட்கிழமை காலை லஸ் முனையில் பாஷா அவன் முகத்தைப் பார்த்தான். "இன்னா நைனா, மூஞ்சி வீங்கினு கீது? வூட்ல பூஜையா?"

கனகராஜ் சொல்லி முடிப்பதற்குள் பாஷாவின் டீ ஆறிவிட்டது. அவன் சிரிக்கவில்லை.

"முழுப் பேர இப்ப எவன் கேட்டான்? இந்த வாரம் 'ம்' மட்டும் போடு. வாயத் தொறக்கவே தொறக்காத."

"அ... அது பேரா?"

"பேரு அதுலதான மச்சி ஆரம்பிக்குது."

கனகராஜ் வண்டி ஓட்டிக்கொண்டே முனகினான். பாட்டுப் பாடுகிறான் என்று வண்டியில் இருந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அடுத்த வாரம், "ஏறும்மா, தள்ளி உக்காரும்மா." கடைசியில் வரும் 'ம' ஒட்டவில்லை. அது அவனுக்கே புதுச் செய்தி. அதற்கும் அடுத்த வாரம் 'மந்தை' மட்டும். 'வெளி'யை ஜனமே சேர்த்துக்கொள்ளும் என்றான் பாஷா. ஒரு நாள் வந்தது, மறுநாள் வரவில்லை. வராத நாளில் தொண்டையைப் பிடித்து நெரிக்காமல் கையை நீட்டிக் காட்டிவிட்டுப் போனான்.

ஒரு காலையில் "மந்தை... மந்தைவெளி!" என்று வந்தேவிட்டது. பாஷா வண்டியில் கால் வைத்த இரண்டு பெண்கள் இறங்கி வந்து இவன் வண்டியில் ஏறினார்கள்.

"அடப்பாவி! ஐடியா குடுத்தவன் வயித்துலயே அடிக்கிறியே!" என்று பாஷா கத்தினான். கத்திவிட்டு ஓடிவந்து இவன் முதுகில் ஓங்கி ஒன்று போட்டான்.

பள்ளிக்கூட வாசலில் முதல் நாள். சட்டைப்பையில் சீட்டு கிடந்தது. கேட்காமலே ஜெயஸ்ரீ வைத்தது.

"யாருப்பா வேணும்?" என்றாள் ஆயா.

முதலில் உதடு மூடி முனகினான். பிறகு மெல்லத் திறந்தான். "மது."

"எந்த மது? மூணு மது கீது. முழுசா சொல்லு."

உதடு ஒட்டிக்கொண்டது. பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். கழுத்தெல்லாம் வேர்வை. கை பைக்குப் போனது.

அதற்குள் கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் மதுமிதா வந்து நின்றாள். அவன் வாயையே பார்த்தாள்.

"நான்தான் ஆயா. எங்கப்பாதான் கூப்புடுறாரு."

"பாதிப் பேருதான சொன்னாரு?"

"பாதி தெரியுதுல்ல?"

ஆயா சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தாள்.

வண்டியில் அவள் பின்சீட்டிலிருந்து எட்டி அவன் தோளில் தாடையை வைத்துக்கொண்டாள். "மீதி எப்பப்பா?"

"வ... வரும். கொஞ்சம் கொஞ்சமா."

"அதுவரைக்கும் கடன். சரியா?"

"சரிம்மா."

மகளுக்கு அவன் தரவேண்டியது இன்னும் பாக்கி இருக்கிறது: 'மிதா'.