துணி இல்லாத இடம்

குப்பைச் சாக்கைக் காலால் தள்ளிவிட்டுத்தான் அவளுக்கு நாற்காலி போட்டார்கள். இரங்கல் கூட்டத்தில் முன்வரிசை, ஓரம். எதிரே மேசைமேல் அவள் புருஷன் படத்துக்குள் சிரித்துக்கொண்டிருந்தான். வீட்டில் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. இந்தக் குளத்தங்கரையில் யாரோ எடுத்த படம் என்பது பின்னால் நின்ற கோரையைப் பார்த்ததும் விளங்கியது. சிரிப்பை இங்கேயே இறக்கி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்திருக்கிறான் மனுஷன்.

செத்துப் பத்து நாள் ஆகவில்லை. லாரிப் பட்டறையில் பற்றவைக்கிற வேலை, குனிந்தவன் நிமிரவில்லை. உயிரோடு இருந்தவரை தெருவே அவனைக் 'கொக்கு' என்றுதான் கூப்பிட்டது. விடிந்தும் விடியாமலும் முட்டளவுத் தண்ணீரில் ஒற்றை ஆளாய் நிற்பான். பார்த்தவர்கள் வைத்த பேர். "கொக்கு இன்னிக்கு மீன் புடிச்சுதா?" என்று அவளிடமே கேட்டுச் சிரித்தவர்தான் குடியிருப்புச் சங்கத் தலைவர். இப்போது மைக்கைப் பிடித்துக்கொண்டு, "இந்தக் குளத்தின் காவலர்" என்கிறார். செத்தவனுக்கு எத்தனை பட்டம் வேண்டுமானாலும் கொடுக்கலாம். அவனா சுமக்கப்போகிறான்?

அவளுக்குத் தையல் கடையில் வேலை. வெட்டி விழுகிற துண்டுகளில் சிவப்பாய்ப் பார்த்துப் பொறுக்கி, விரல் அகலத்துக்குக் கிழித்துக் கொண்டுவருவாள். கோரைக்குள் நீர்க்கோழி கூடு வைத்திருக்கிற இடத்தில் அவன் அதை முடிந்துவிட்டு வருவான். புல் வெட்டும் இயந்திரத்தோடு வருகிறவரிடம் அவன் சொல்லிவைத்த சட்டம் ஒன்றே ஒன்று: துணி இருந்தால் சுற்றிப் போ, துணி இல்லாத இடத்தில் வெட்டு. அவரும் அதை ஒருநாளும் மீறியதில்லை. சாவதற்கு முந்தின நாள்கூட ஒரு பிடி துணி வாங்கிக்கொண்டு போனான்.

வேலைவிட்டு அவள் படியேறும்போது அவன் கேட்கிற முதல் கேள்வி, "செவப்பு இருக்கா?" என்பதுதான். சாப்பிட்டாயா என்றில்லை, கால் வலிக்கிறதா என்றில்லை. மகள் காய்ச்சலில் கிடந்த அன்றும் அதையேதான் கேட்டான். அன்றைக்குப் பையோடு அவன் முகத்தில் விசிறினாள்.

"கொளத்தையே கட்டிக்கிட்டிருக்கலாமே, என்னை எதுக்குக் கட்டினீங்க?"

கீழே விழுந்ததைப் பொறுக்கியபடியே சொன்னான்: "ஒருநாள் வந்து பாரேன். குஞ்செல்லாம் கரித்துண்டு மாதிரி மெதக்கும். பாத்துட்டு அப்புறம் திட்டு."

"எனக்கு வேற பொழப்பு இல்ல பாருங்க."

அதற்கப்புறமும் எத்தனையோ தரம் கூப்பிட்டான். குளம் கூப்பிடு தூரம்தான். அவள் போகவே இல்லை. சக்களத்தி வாசலை மிதிப்பதில்லை என்று ஒரு வைராக்கியம்.

கரையின் அந்தக் கோடியில் இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. அவன் நினைவாகக் கரையைச் சுத்தம் செய்து உட்காரப் பெஞ்சு போடப்போகிறார்களாம். காலையில் சங்கத்து ஆட்கள் கையுறை மாட்டிக்கொண்டு இறங்கிக் குப்பை பொறுக்கியிருந்தார்கள். தன் பேச்சு தனக்கே கேட்கவில்லை என்று தலைவர் கையை ஆட்டவும் இயந்திரம் நின்றது. அந்த அமைதியில் அவள் தலையைக் குனிந்தாள். பக்கத்துச் சாக்கின் வாயில், பாட்டில்களுக்கும் பிளாஸ்டிக் பைகளுக்கும் நடுவே, சிவப்பு.

கையை விட்டு இழுத்தாள். ஒன்று, இன்னொன்று, அப்புறம் கொத்தாக. சேறு காய்ந்து ஒட்டியிருந்தாலும் தான் கிழித்த கிழிசல் தனக்குத் தெரியாதா? அவன் போட்ட முடிச்சு அவிழவில்லை போலிருக்கிறது. பக்கத்தில் கத்தரியால் நறுக்கியிருந்தார்கள்.

சாக்கை இழுத்துக்கொண்டு ஓடினாள்.

"அண்ணே, வெட்டாதீங்க! உள்ள கூடு இருக்கு!"

புல் வெட்டுகிறவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். "துணி எங்கயும் இல்லியேம்மா. நல்லாப் பாத்துட்டுத்தான் எறங்குனேன். அவரு சொன்ன மாதிரியேதான் வெட்டுறேன்."

அவள் சாக்கைக் கவிழ்த்தாள். அவர் அந்தச் சிவப்பைப் பார்த்தார். பிறகு திரும்பி, தான் வெட்டி முடித்த பாதிக் கரையைப் பார்த்தார். குடித்த தண்ணீர் மோவாயில் வழிந்தது, துடைக்கத் தோன்றவில்லை.

"மிச்சத்துல எங்கெங்க இருக்குன்னு காட்டும்மா," என்றார் கடைசியில். "சுத்திப் போயிடறேன். ஒனக்குத் தெரியாமயா இருக்கும்?"

மிச்சமிருந்த கோரை காற்றில் ஒன்றாய்ச் சாய்ந்து ஒன்றாய் நிமிர்ந்தது. எந்த இடத்தைப் பார்த்தாலும் மற்ற இடத்தைப் போலவேதான் இருந்தது.

"தெரியாதுண்ணே," என்றாள். "நான் வந்ததே இல்ல."

"அன்னாரின் துணைவியார் இப்போது இரண்டு வார்த்தை பேசுவார்," என்றது மைக்.

அவள் துணிகளை வாரி மடியில் போட்டுக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். சேறு காலைப் பிடித்து இழுத்தது. கைக்கு எட்டிய முதல் கோரையில் ஒன்றை முடிந்தாள். அடுத்ததில் ஒன்று. அதற்கடுத்ததில் ஒன்று. தண்ணீரின் மேல் சின்னப் பேச்சும் தெளிவாக வரும்போலிருக்கிறது. கூட்டத்தில் யாரோ சொன்னார்கள்: "கொக்குப் பொண்டாட்டியும் எறங்கிடுச்சுடா."

"எல்லாத்துலயும் கட்டினா நான் எங்கம்மா வெட்டுறது?" என்றார் புல் வெட்டுகிறவர்.

"தெரியாதவ எல்லாத்துலயும்தான் கட்டணும்."

அவர் இயந்திரத்தை முடுக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

"அம்மா, பொறுக்கின குப்பையை மறுபடி ஏம்மா உள்ள போடுறீங்க?" தலைவர் மைக்கிலேயே கத்தினார். "போட்டோ எடுக்கணும், மேல வாங்க!"

மடி காலியாகிவிட்டது. கோரை இன்னும் நீண்டு கிடந்தது. முந்தானையைப் பல்லில் கடித்துக் கிழிக்கப் பார்த்தபோது பின்னால் ஏதோ சலசலத்தது. திரும்பினாள். நீர்க்கோழி ஒன்று தண்ணீரிலிருந்து மொட்டைக் கரையில் ஏறியது. வெட்டுப்பட்ட கோரைத் தாள்களுக்கு நடுவே ஓரிடத்தில் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தது. நாலடி தள்ளிப் போனது. மறுபடி வந்து, அதே இடத்தில் நின்றது.