அணைக்கக் கூடாத கணினி

அக்காவின் தையல் அறையில் இருக்கும் கணினியின் பொத்தான்மேல் ஒரு தாள் ஒட்டியிருக்கும். 'அணைக்காதே' என்று அக்கா கொட்டை எழுத்தில் எழுதியது. போன வருடம் அணைத்தபோது, அது மறுபடி எழும்ப ஒரு நாள் முழுக்க ஆயிற்று. பார்க்க வந்த மெக்கானிக், உள்ளே இருக்கும் மதர்போர்டு நைந்துவிட்டது, ரீஸ்டார்ட் செய்யலாம், அடியோடு அணைத்தால் தனக்குப் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். கரண்ட் போனாலும் ஓட மாமா ஒரு பேட்டரி வாங்கி வைத்தார். "இந்த வீட்ல ஓய்வே இல்லாத ஜீவன் ரெண்டுதான். ஒண்ணு இது, இன்னொண்ணு நான்" என்பார் அவர், படுத்துக்கொண்டே. அவர் அக்காவின் கணவர்.

எம்பிராய்டரி மெஷினுக்கு வடிவங்களை அனுப்புவது அந்தக் கணினிதான். மெஷினின் தடித்த பழைய கேபிளைச் செருகப் புதுக் கணினிகளில் இடமே கிடையாது. வடிவங்களை வரைய வேறொரு லேப்டாப் இருந்தது. போன வாரம் அது செத்துப்போனது. அதே வாரம், அக்கா சீருடை தைத்துக்கொடுக்கும் கம்பெனி தன் சின்னத்தை மாற்றிவிட்டது. புதுச் சின்னம் தைத்த ஒரு சட்டையை வெள்ளிக்கிழமைக்குள் காட்டினால் வேலை தொடரும். இல்லையென்றால் வேறு ஆள்.

நான் மாலை வகுப்பில் கம்ப்யூட்டர் படிக்கிறேன். ஆகவே எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

லேப்டாப்பின் டிஸ்க் மட்டும் பிழைத்திருந்தது. வரையும் மென்பொருள் பழையது, புதிய விண்டோஸில் ஓடாது; திரும்பப் போட அதன் சிடியும் இல்லை. அதனால் லேப்டாப்பில் இருந்ததை அப்படியே நகலெடுத்து, பழைய கணினிக்குள் இன்னொரு கணினியாக ஓடவிடுவது என்று முடிவு செய்தேன். வகுப்பில் இதைத்தான் நடத்திக்கொண்டிருந்தார்கள். அங்கே வெளி டிஸ்க்கைச் செருக விடமாட்டார்கள், வீட்டில் இருப்பது இந்தக் கணினி ஒன்றுதான். வீட்டில் ஓடவிட்டபோது, ப்ராசஸரில் விர்ச்சுவலைசேஷன், அதாவது ஒரு கணினிக்குள் இன்னொன்றை ஓட்டும் வசதி, அணைந்திருக்கிறது என்று செய்தி வந்தது.

ப்ராசஸரின் எண்ணைத் தேடிப் பார்த்தேன். வசதி உண்டு. ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் எழும்புமுன் வரும் பயாஸ் செட்டிங் பக்கத்துக்குள் போனேன். ஒரு மூலையில் அந்த செட்டிங் அணைந்து கிடந்தது. ஆன் செய்து, சேமித்து, வெளியே வந்தேன். மறுபடி அதே செய்தி. சரியாகச் சேமிக்கவில்லையோ என்று என்மேலேயே சந்தேகம். திரும்பவும் உள்ளே போனேன். செட்டிங் ஆன் ஆகத்தான் இருந்தது. ஆனாலும் அதே செய்தி. சேமித்த பக்கத்தை போனில் படமெடுத்து வைத்துக்கொண்டு இன்னொரு தடவை செய்தேன். மாறவில்லை.

"என்னப்பா இன்ஜினியர், பேய் ஓட்டுற மாதிரி திரும்பத் திரும்ப அதையே பண்ற?" என்றார் மாமா.

போர்டின் பழைய கையேட்டை இணையத்தில் தேடி எடுத்தேன். ஒரே ஒரு வரிதான். இந்த செட்டிங்கை மாற்றியபின் கணினியை முழுவதுமாக அணைத்து, வயரை உருவி, சற்றுப் பொறுத்துப் போட வேண்டும். ரீஸ்டார்ட் போதாது.

வேறு வழி உண்டா என்று பார்க்க, கையேட்டை முதலிலிருந்து படிக்கத் தொடங்கினேன். அக்கா மெஷினை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"சொல்லு."

சொன்னேன்.

"அணைச்சா எழும்புமா?"

"தெரியலக்கா."

மாமா எழுந்து உட்கார்ந்தார். வேண்டாம், இருப்பதையாவது ஓட்டலாம் என்றார். இருப்பது எது என்று அக்கா கேட்டாள். மெஷினில் மாட்டியிருந்ததுதான் பழைய சின்னத்தின் கடைசிச் சட்டை. யாராவது வெளியாளிடம் வடிவத்தை வரைந்து வாங்கலாமா என்று நான் கேட்டேன். அக்கா ஏற்கெனவே கேட்டுப் பார்த்துவிட்டாள். அடுத்த வாரம் என்றுதான் எல்லோரும் சொன்னார்களாம்.

அக்கா அந்தச் சட்டையைத் தைத்து முடித்தாள். நூலை நறுக்கி, சட்டையை மடித்து வைத்தாள். நான் பொத்தான் பக்கம் போனேன்.

"நீ தொடாத."

"எனக்குத்தான அக்கா அது தெரியும்..."

"வேணாம்டா. எழும்பலைன்னா ஆயுசுக்கும் அதையே நெனச்சுட்டு இருப்ப. நான் பண்ணா ஒரு வாரம் அழுதுட்டு விட்டுடுவேன்."

தாளை மெதுவாகப் பிய்த்தாள். அணைத்தாள். கணினியின் முதுகிலிருந்து வயரை உருவினாள். விசிறியின் சத்தம் அடங்கியது. எப்போதும் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் அது. தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைப்பது கேட்டது. போதுமா என்று கண்ணால் கேட்டாள். தலையாட்டினேன். வயரைச் செருகி அழுத்தினாள்.

விசிறி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

மறுபடி அழுத்தினாள். இந்தத் தடவை அதுவும் இல்லை. நான் மூடியைத் திறந்து தூசி தட்டினேன், மெமரியைக் கழற்றி மாட்டினேன், தெரிந்ததையெல்லாம் செய்தேன். மெக்கானிக்கை போனில் கூப்பிட்டேன். அப்பவே சொன்னேனே, அந்தப் போர்டு இப்போது எங்கேயும் கிடைக்காது என்றார்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் அக்காவே கம்பெனிக்கு போன் செய்து, முடியவில்லை என்று சொன்னாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பிறகு நூல்கண்டுகளை நிறம் நிறமாகப் பிரித்துப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள்.

"நீ சொன்னது சரியாத்தான்டா இருந்திருக்கும்" என்றாள், நிமிராமல்.

சரியா என்று திரையில் பார்த்தால்தான் தெரியும். திரை வரவேயில்லை. வகுப்புக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டும்போது பின்னால் 'க்ளிக்' என்று ஒரு சத்தம். மாமா அந்தப் பக்கமாகப் போகிறவர்போல் போய், பொத்தானை அழுத்தியிருந்தார். விசிறி அசையவில்லை.

அக்கா தலையைத் தூக்காமலே, "விடுங்க" என்றாள்.