தையல் கடையிலிருந்து வந்த போன்

"ஏய், மறந்தே போச்சு பாரு! நேத்து உனக்குத் தையல் கடையிலேருந்து போன் வந்துச்சு," என்றாள் இஸ்திரி அக்கா, போர்வையின் மறுமுனையை நீட்டியபடி. "தச்சது ரெடியாம். சாயங்காலத்துக்குள்ள வந்தே ஆகணும்னு அந்த ஆளு ஒரே பறப்பு. துணி எங்கயாவது ஓடிடுமாய்யா, மெதுவா வருவா, போன வைய்யான்னுட்டேன்."

போர்வை கேட்டவள் கையிலிருந்து நழுவி ஈரத்தரையில் விழுந்தது.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் மடிக்கும் வேலை அவளுக்கு. தையல் கடையும் இல்லை, தைக்கக் கொடுத்த துணியும் இல்லை. கூப்பிட்டது வக்கீலின் குமாஸ்தா. "வேலை செய்யற எடத்துக்குப் போன் பண்ணா வக்கீல் ஆபீஸ்னு சொல்லிடாதீங்க சார், தையல் கடைன்னு சொல்லுங்க" என்று அவளே கெஞ்சிச் செய்துவைத்த ஏற்பாடு. புத்திசாலித்தனம் என்றால் அப்படியொரு புத்திசாலித்தனம்! தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள்.

புருஷன் விட்டுப் போனதும் அவளைக் குடி பிடித்துக்கொண்டது. பிள்ளையை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுக் கடைக்குப் போய்வருவாள். ஒருநாள் திரும்பி வந்தபோது வாசலில் போலீஸ் நின்றது. மகளை வேறொரு குடும்பத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். அதன்பிறகு குடியை விட்டாள், வேலைக்கு வந்தாள், எல்லாம் சரிதான். ஆனால் போன மாதம் கோர்ட்டு, தாய் என்ற உரிமையே இனி அவளுக்கு இல்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. கூடத்திலோ, "பொண்ணு எங்க அக்கா வீட்ல படிக்கிறா" என்று சொல்லிவைத்திருந்தாள்.

வக்கீல் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். "இந்த மாதிரி கேஸ்ல அப்பீலுக்குக் கெடு ரொம்பக் கம்மிம்மா. பிள்ளைய அந்தரத்துல வைக்கக்கூடாதுன்னு அப்படி. என் கையெழுத்து மட்டும் இருந்தாப் போதாது, பெத்தவ கையெழுத்தும் வேணும். கூப்பிட்டதும் ஓடி வந்துடணும்." அவளுடைய செல்போன் உடைந்து கிடந்ததால் கூடத்து எண்ணைக் கொடுத்திருந்தாள்.

அரைநாள் லீவு சொல்லிவிட்டு ஓடினாள். வக்கீல் திட்டவில்லை, திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"நேத்தோட கெடு முடிஞ்சுபோச்சும்மா. தாமதத்த மன்னிக்கச் சொல்லி மனு போட்டுப் பாக்கலாம், உறுதியில்ல. போன எடுத்தவங்க கோர்ட்டுக்கு வந்து, சேதி உங்களுக்கு நேத்து வந்து சேரலன்னு சொல்லணும்."

"அவங்களுக்கு விஷயம் தெரியாம..."

"அது எப்படிம்மா? எதுக்குத் தையல் கடைன்னு சொன்னீங்கன்னுதான் மொதல்ல கேப்பாங்க."

குமாஸ்தா தலையைத் தூக்கவே இல்லை.

தெருவில் இறங்கி நடந்தபோது, சொல்லவே கூசுகிறது, 'போகட்டும், விட்டுவிடலாமா' என்று ஒரு நினைப்பு வந்தது அவளுக்கு. பெற்ற பிள்ளை ஒரு தட்டில், மானம் மறு தட்டில். பாழாய்ப்போன மனசு மானத்துப் பக்கம் சாய்ந்தது. சீ, நீயெல்லாம் ஒரு தாயா என்று தன்னையே வைதுகொண்டு திரும்பக் கூடத்துக்கே போனாள்.

இயந்திரத்தை நிறுத்திவிட்டு அக்கா முகம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அது தையல் கடை இல்ல." மடித்த போர்வையையே பிரித்துப் பிரித்து மடித்தபடி, குடியிலிருந்து கெடு வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அடிப்பாவி!" அக்கா தலையில் கைவைத்துக்கொண்டாள். "பொண்ணு உங்க அக்கா வீட்ல இல்லன்னு எனக்குத் தெரியாதா? இங்க எல்லாருக்கும் தெரியும்டி. என் நாத்தனார் உன் தெருவுலதான இருக்கா! நீயா வாயத் தெறக்காதப்ப நாங்க எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்கறது?"

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும். தையல் கடைன்னதும் எனக்கு எவ்ளோ சந்தோஷம் தெரியுமா? அப்பாடா, புதுத்துணி தச்சுப் போட்டுக்கற அளவுக்கு மனசு தேறிட்டாளேன்னு நெனச்சேன். அவசரப்படுத்தாத, மெதுவா வரட்டும்னு நாந்தானடி சொன்னேன்..."

யாருக்குத் தெரியக்கூடாது என்று அந்தப் பொய்யைப் பொத்திப் பொத்திக் காத்தாளோ, அவர்கள் எல்லோருக்கும் அது பொய்யென்று தெரிந்தே இருந்திருக்கிறது. ஏமாந்தது அவள் ஒருத்திதான்.

அக்கா மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டாள். "சரி, அழாத. நான் வந்து சொல்றேன். என்னிக்கு வரணும்னு கேட்டுச் சொல்லு. ஆனா பிள்ளையப் பத்தி ஏதாவது கேட்டா நான் என்னத்தடி சொல்லுவேன்? அது பேரக்கூட நீ ஒருநாளும் இங்க சொன்னதில்ல."

உண்மைதான். அவள் வாயைத் திறந்தாள். முதல் தடவை பெயரின் முதல் எழுத்து மட்டுமே வந்தது. அக்கா பக்கத்தில் வந்து, காதைக் கொடுத்துக்கொண்டு நின்றாள்.